வாசல் வைக்காத அறை

அந்த ஒரு சுவர் மட்டும் காயவில்லை.

மற்ற சுவர்களெல்லாம் மின்விசிறிக் காற்றில் சோறு ஆறும் நேரத்துக்குள் விறைத்து, நகத்தால் தட்டினால் டொக்கென்று பேசின. வடமேற்கு மூலையில் ஒட்டிய இந்த அட்டை மட்டும், முந்தின நாள் காலையில் ஒட்டியது, இன்னும் விரல் வைத்தால் குளிர்ந்து, தவளையின் வயிறு மாதிரி கொஞ்சம் உள்ளே அமுங்கி, விரலை எடுத்ததும் மெல்ல மேலெழுந்து வந்தது. குமாரவேல் விரலை முகர்ந்து பார்த்தார். பசை வாசனை இல்லை. நெடுநாள் பூட்டிய அறையைத் திறந்ததும் முகத்தில் அடிக்குமே, அந்த வாசனை. எண்ணெய்ச் சிக்குப் பிடித்த தலையணை, ஈரச் சுண்ணாம்பு, காற்றே படாத மூச்சு. விரலை வேட்டியில் துடைத்துக்கொண்டார். ஐப்பசி மழையின் ஈரம், வேறொன்றுமில்லை என்று தமக்குள் சொல்லிக்கொண்டார்.

மேசை மேல் நின்றது அவருடைய குடும்பத்து வீடு. அந்த மேசை கிடந்ததும் அதே வீட்டுக்குள்தான். மங்கலம் சாலையிலிருந்து உள்ளே தள்ளி, நடுவில் வானம் பார்த்த தொட்டியும், அதைச் சுற்றித் தேக்குத் தூண்கள் தாங்கிய ஆசாரமும், நாலு பக்கமும் அறைகளுமாக அவருடைய பாட்டனார் கட்டிய தொட்டிக்கட்டு வீடு. இப்போது அதன் மூன்று பக்கமும் பனியன் கம்பெனிகள். ஒரு பக்கம் நிட்டிங் மெஷின்களின் ஓயாத இரைச்சல், மறுபக்கம் வெளிமாநிலப் பிள்ளைகள் தங்கும் விடுதியின் இந்திப் பாட்டு, காற்று திரும்பினால் சாயத்தின் காரமான நெடி. தீபாவளி கழிந்ததும் வீட்டை இடித்துவிட்டு அங்கே மகன் செல்வக்குமார் புது யூனிட் கட்டப் போகிறான். இடிக்கும் முன் வீட்டின் மாதிரி ஒன்றைச் செய்து, டவுனில் இருக்கும் கம்பெனியின் முன்கூடத்தில் கண்ணாடிப் பெட்டிக்குள் வைக்க வேண்டும் என்பதும் அவன் யோசனைதான்.

"கோயமுத்தூர்ல ஆளு இருக்காங்கப்பா. வந்து எல்லா ரூமையும் ஸ்கேன் பண்ணிட்டுப் போனாங்கன்னா, மெஷினே செஞ்சு குடுத்துருமுங்க" என்றான்.

"எல்லா ரூமையுமா?"

"ஆமாங்கப்பா."

"எவனோ ஒருத்தன் நம்ம ஊட்டுக்குள்ள பூந்து மூல முடுக்கெல்லாம் அளப்பான், நீ டார்ச் அடிச்சுக் காட்டீட்டு நிப்பியா? வேண்டாம். நானே செய்யறன்."

எந்த அறையை அளக்கக் கூடாது என்பது செல்வக்குமாருக்கும் தெரியும். அந்த வீட்டில் பிறந்தவர்களுக்கு யாரும் சொல்லிக்கொடுக்காமலே அது தெரியும்.

குமாரவேலுக்குக் கைவேலை புதிதல்ல. கம்பெனி சின்னதாக இருந்த காலத்தில் துணி வெட்டுவதற்கான பேட்டர்ன் அட்டைகளை அவரேதான் வரைந்து நறுக்கினார். அதே அட்டைதான் இப்போது சுவர். ஏற்றுமதிப் பெட்டியின் மேல்தாளை நனைத்து உரித்தால் உள்ளே தெரியும் நெளிவு, ஓட்டுக் கூரை. வண்ணம் சுரண்டிய பென்சில்கள் தூண்கள். தேய்ந்துபோன நிட்டிங் ஊசிகள் ஜன்னல் கம்பிகள். அளவை மட்டும் அவர் டேப்பில் எடுக்கவில்லை. மனைக்கு உடையவன் காலடிதான் அளவு என்று பாட்டனார் செய்தபடியே, வெறுங்காலோடு, ஒரு காலின் குதியை மறுகாலின் விரல் நுனியில் ஒட்ட வைத்து, அறை அறையாக நடந்து அளந்தார். அவருடைய ஓரடி, மாதிரியில் அரை அங்குலம்.

வடமேற்கு அறைக்குள் மட்டும் கால் வைக்கவில்லை. மற்றதையெல்லாம் அளந்து மொத்தத்தில் கழித்து, மிஞ்சியதை அதற்கு விட்டார்.

அது நல்லம்மாள் இருந்த அறை. நல்லம்மாள் அவருடைய அக்கா. மங்கலத்துத் தறிக்காரன் ஒருவனோடு ஊரை விட்டுப் போவதற்காகத் துணி மூட்டையோடு பேருந்துக்கு நின்றவளை அப்பா கூட்டி வந்தார். அதன் பிறகு ஊரார் யாரும் அவளைப் பார்க்கவில்லை. உடம்பு சரியில்லை என்றார்கள். வெளியூரில் வைத்தியம் என்றார்கள். வருடங்கள் போய், ஒரு மாசி மாதத்து விடியலில் யாருக்கும் சொல்லாமல் எடுத்துப்போய்த் தோட்டத்திலேயே அடக்கம் செய்தார்கள். அந்த அறையின் தாழ்ப்பாள் வெளிப்பக்கம் இருந்தது. சாயங்காலச் சோறு உள்ளே போனதும் அதைப் போடுவது சிறுவனாக இருந்த குமாரவேலின் பொறுப்பு. நுனிக்காலில் நிற்காமலே தாழ்ப்பாள் எட்டிய நாளில் அப்பா அவர் தலைமேல் கை வைத்தார். அந்தக் கையின் கனம் இன்றும் அவருக்கு நினைவிருக்கிறது.

அதில் வெட்கப்பட என்ன இருக்கிறது? பேர் உள்ள குடும்பம் செய்ய வேண்டியதைச் செய்தது. அதற்காக ஊருக்குக் காட்டவும் வேண்டியதில்லை. கம்பெனிக்கு வருகிறவன் எவனோ கண்ணாடிக்குள் குனிந்து பார்த்து, இந்தக் கதவு ஏன் இப்படி என்று கேட்க இடம் வைக்கக் கூடாது. அதனால் மாதிரியில் அந்த அறைக்கு அவர் வாசலே வைக்கவில்லை. ஆசாரத்துப் பக்கம் வெறும் சுவர்.

நிஜ வீட்டிலும் அதைச் செய்தாகிவிட்டது. மறுநாள் பங்காளிகளும் சம்பந்திகளும் கடைசியாக ஒரு பூசைக்கு வருகிறார்கள். ஆளுக்கொரு செல்போனோடு மூலை மூலையாகப் படம் எடுப்பார்கள். போன வாரமே தச்சர் இசக்கிமுத்துவை அழைத்து அந்த அறையின் கதவையும் நிலையையும் கழற்றச் சொன்னார். இசக்கிமுத்து தென்காசிப் பக்கத்தவர். திருப்பூருக்கு வந்து கம்பெனிகளுக்கு மேசை அடித்துக் கொடுத்தே தலை நரைத்தவர்.

"அய்யா, மத்த ரூமுக்கெல்லாம் தாப்பா உள்ள இருக்கு. இதுக்கு மட்டும் வெளிய வச்சிருக்கே?"

"நெல்லுப் போட்டு வச்ச அறை."

"நெல்லு எங்கய்யா ஓடிப்போவப் போவுது?"

இசக்கிமுத்து கதவைத் திருப்பிச் சாய்த்தார்.

"கதவு உள்பக்கம் பூரா கீறிக் கெடக்கு, பாத்தியளா?"

"எலி."

"இம்புட்டு உசரத்துலயா? எங்கூர் எலில்லாம் சின்னதுல்லா."

"இங்கத்தது பெருசு. வேலையப் பாருங்கப்பா."

நிலையைக் கழற்றியதும் கொத்தனார் செங்கல் அடுக்கிப் பூசிவிட்டுப் போனார். கழற்றிய நிலை தொட்டி ஓரம் கிடந்தது. மாதிரியின் தலைவாசலுக்கு ஒரு நிலை வேண்டும். அட்டையில் செய்ய அவருக்கு மனம் வரவில்லை. நிஜத் தலைவாசல் நிலையில் கை வைக்க முடியாது, அது முழுசாகப் புது யூனிட்டுக்குப் போகிறது. கிடந்த நிலையைக் காட்டி, "இதுல ஒரு சிம்பு அறுத்துக் குடுங்க" என்றார்.

இசக்கிமுத்து ரம்பத்தைக் கீழே வைத்தார். "இதுல வேண்டாம்யா. வேற தேக்கு நான் கொண்டாந்து தாரேன்."

"ஒரே மரத்துல அறுத்ததுதானே எல்லாம்?"

"மரம் ஒண்ணுதான். ஆனா நிலைன்னு ஒரு ரூமுக்கு வச்சாச்சுன்னா, அது அந்த ரூமுக்குத்தான் வழி விடும்னு எங்க அப்பா சொல்லுவாவ. நாங்க ஒரு வீட்டு நிலைய இன்னொரு வீட்டுக்கு வைக்கணும்னாக்கூடக் கேட்டுக்கிட்டுத்தான் வைப்போம்."

"மரத்துக்கு என்னப்பா தெரியும்? அறுங்க."

அறுத்த சிம்பைச் சீவி, விரல் உயர நிலையாக்கி, முந்தின நாள் நல்ல நேரம் பார்த்துப் பூசையும் போட்டார். மருமகள் வேல்விழி மஞ்சள் கொண்டுவந்து கொடுத்துவிட்டுச் சிரிப்பை அடக்கிக்கொண்டு நின்றாள்.

"ஏனுங் மாமா, பொம்ம ஊட்டுக்கு நெலப் பூசைங்களா? அப்ப பாலும் காச்சிரலாமுங்க. ஒரு சொட்டுப் போதும்."

"நம்ம பேரு நிக்கற எடம் அம்மிணி. பூச போடாத நெலையில நிக்கப்படாது."

மஞ்சள் தடவி, பொட்டு வைத்து, துணி நூலில் நவதானியம் முடிந்து கட்டி, தலைவாசலில் நிறுத்தினார். அன்றிலிருந்துதான் அந்தச் சுவர் காயாமல் இருந்தது.

மழை பிற்பகலிலேயே இருட்டிக்கொண்டு வந்தது. இன்னும் ஒட்டாத கூரையை மூடி மாதிரி எடுத்து வைத்து, எல்லாம் பொருந்துகிறதா என்று பார்க்கக் குனிந்தார். செல்போன் விளக்கை மாதிரியின் ஜன்னல் பக்கம் சாய்த்து வைத்துவிட்டு, ஒரு கண்ணை மூடி, தலைவாசல் வழியே உள்ளே பார்த்தார். பென்சில் தூண்களின் வரிசையும், அவற்றுக்கு நடுவே தொட்டியில் இறங்கும் வெளிச்சமும் தெரிய வேண்டும்.

ஒரு சுவர் தெரிந்தது. முகத்துக்கு எதிரே, கை நீட்டினால் தொடும் தூரத்தில்.

தூண் இல்லை. தொட்டி இல்லை. நீளமான, ஒடுங்கிய, ஜன்னல் இல்லாத ஓர் அறை. சுண்ணாம்பு உதிர்ந்த சுவர். அவர் பூசிய வெள்ளை அது அல்ல. வாசல் வழியே மெல்லிய காற்று வந்து அவர் கண்ணில் பட்டது, வெதுவெதுப்பாக.

கூரையைத் தூக்கினார். தூண்கள் இருந்தன. தொட்டி இருந்தது. காவி பூசிய தரை, ஊசி ஜன்னல்கள், எல்லாம் அவர் வைத்த இடத்தில்.

கூரையை வைத்தார். குனிந்தார்.

அறை.

இந்த முறை, ஜன்னலே இல்லாத அந்த அறைக்குள் விழவே முடியாத வெளிச்சத்தின் குறுக்கே, ஏதோ ஒன்று இந்தக் கோடிக்குப் போய், திரும்பி, அந்தக் கோடிக்குப் போனது.

குமாரவேல் நிமிர்ந்தார். அறுவை சிகிச்சை செய்த கண். ஒளி சிதறும் என்று டாக்டரே சொல்லியிருக்கிறார். அப்படித்தான் என்று நினைத்துக்கொண்டே கூரையைக் கழற்றித் தள்ளி வைத்தார். மழை ஓட்டில் விழும் சத்தத்துக்கு அடியில், அட்டையை நகத்தால் பிறாண்டும் சத்தம், நிதானமாக, விட்டு விட்டு.

மேலிருந்து பார்த்தால் அந்த மூலை அறைக்கு மட்டும் வாயில்லாத சிறு பெட்டி மாதிரி ஓர் அட்டை மூடி. அதை அவரே போட்டு ஒட்டியிருந்தார். உள்ளே என்ன என்று தெரியாது. தெரிய வேண்டாம் என்றுதான் ஒட்டினார்.

ஒரு வாசல் வெட்டிவிட்டால்? கட்டைவிரல் அகலம். அவ்வளவுதான். வெட்டிவிட்டால் இந்த ஈரமும் சத்தமும் நின்றுவிடும் என்று அவர் நெஞ்சுக்குள் ஏதோ உறுதியாகச் சொன்னது. கட்டரை எடுத்து ஆசாரத்துச் சுவரில் முனையை வைத்தார். வைத்ததும் காங்கேயத்துச் சம்பந்தியின் முகம் நினைவுக்கு வந்தது. அந்த அம்மாள் குனிந்து அந்த வாசலைப் பார்ப்பாள். பிறகு நிமிர்ந்து, கூட வரும் தன் தங்கையைப் பார்ப்பாள். ஒரு வார்த்தை பேசமாட்டார்கள். மூன்று தலைமுறை கட்டிக் காத்தது அந்த ஒரு பார்வையில் போய்விடும்.

ஆனாலும் முனையை அழுத்தினார். அட்டை கிழியவில்லை, நனைந்த தோல் மாதிரி வழிவிட்டது. பிறகு முனையை உள்ளேயிருந்து யாரோ பிடித்துக்கொண்டார்கள்.

முரட்டுப் பிடி அல்ல. சின்னக் குழந்தை சேலைத் தலைப்பைப் பிடிப்பது மாதிரி.

கையை விட்டார். கட்டர் விழவில்லை. சுவரில் குத்திட்டு நின்றது. பின்பு மெதுவாக, ஒரு நெல் மணி அளவு, உள்ளே போனது.

அவர் அதைப் பிடுங்கி எறிந்தார். மேசை நடுங்க அட்டை ஒன்றை அளந்து நறுக்கி, பசையைக் கையாலேயே வாரிப் பூசி, அந்தச் சுவரின் மேல் இன்னொரு சுவராக ஒட்டி, இரண்டு உள்ளங்கையாலும் அழுத்திப் பிடித்துக்கொண்டு நின்றார். உள்ளே மெதுவாகத் தட்டும் சத்தம் கேட்டது. அவர் விடவில்லை. சிறு வயதில் தாழ்ப்பாளைப் போட்டுவிட்டு இப்படித்தான் கதவில் கை வைத்து நிற்பார், தட்டுவது ஓயும்வரை. அது ஓய்ந்தது. மேலே சுண்ணாம்பு பூசினார். வெள்ளையாக, ஒழுங்காக, யாரும் எதுவும் கேட்க முடியாத சுவர்.

மின்சாரம் போனபோது அவர் பூட்டிக்கொண்டு வெளியே வந்துவிட்டார். எதிர் வரிசையில்தான் அவர்கள் இப்போது குடியிருக்கும் வீடு. வேல்விழி காப்பி கொண்டுவந்து கொடுத்தாள். பாதி குடிக்கும்போது மழை வலுத்தது. டம்ளரோடு அப்படியே நிமிர்ந்தார். ஆசாரத்துக்கு மேலே ஓடு பிரிக்கும் வேலை இரண்டு நாளாக நடந்துகொண்டிருந்தது. மேசைக்கு நேர் மேலே எவ்வளவு பிரித்திருக்கிறார்கள் என்று அவர் பார்க்கவில்லை. அட்டை வீடு. ஒரு மழைக்குக் கூழாகிவிடும். நாளைக்கு வருகிறவர்கள் முன்னால் எதைக் காட்டுவது?

"பாலித்தீன் ஷீட் எங்க அம்மிணி?"

"அவரு இப்ப வந்துருவாருங் மாமா. அவரு போயி மூடட்டுங்க. இந்த மழைல நீங்க எங்கீங்க?"

"அவன் வர்றதுக்குள்ள நனஞ்சு போயிரும்."

ஷீட்டை அக்குளில் இடுக்கிக்கொண்டு, செல்போன் விளக்கோடு தெருவைக் கடந்தார். சாயங்காலம் இன்னும் முழுசாக இருட்டவில்லை. பெரிய வீட்டின் தலைவாசல் மழையில் கறுத்து நின்றது. பூட்டைத் திறந்து, வழக்கம்போல் வலது காலை எடுத்து நிலையைத் தாண்டி வைத்தார்.

மழைச் சத்தம் நின்றது.

குறையவில்லை. நின்றது. காதில் பஞ்சு வைத்தாற்போல்.

கையிலிருந்த விளக்கு அணைந்துவிட்டது. கண் பழகட்டும் என்று நின்றார். பழகவில்லை. தொட்டியிலிருந்து கொஞ்சமாவது வெளிச்சம் வர வேண்டும். வரவில்லை. தூணைப் பிடிக்கக் கை நீட்டினார். சுவர். இடப்பக்கம் நீட்டினார். சுவர். திரும்பினார். இப்போது நுழைந்த வாசல் பின்னாலேயே இருக்க வேண்டும்.

சுவர்.

அந்த வாசனை. எண்ணெய்ச் சிக்கு. ஈரச் சுண்ணாம்பு.

அவர் கத்தவில்லை. அக்கம் பக்கத்தில் நாலு கம்பெனி; ஆட்கள் சிகரெட்டுக்கு வெளியே நிற்கும் நேரம். இந்த வீட்டுக்குள்ளிருந்து சத்தம் வெளியே கேட்டதாக இதுவரை யாரும் சொன்னதில்லை. தொண்டையைச் செருமிக்கொண்டார். விரல் முட்டியால் சுவரை மரியாதையாகத் தட்டினார்.

"ஏனுங்க, யாராச்சும் இருக்கறீங்களா?"

குரல் சுவருக்கு அந்தப் பக்கம் போகவில்லை. அவர் முகத்துக்கே திரும்பி வந்தது.

இடம் எவ்வளவு என்று தெரிந்தால் மனம் ஒரு நிலைக்கு வரும் என்று தோன்றியது. செருப்பைக் கழற்றிவிட்டு, குதியை விரலில் ஒட்ட வைத்து நடந்தார். வீட்டிலேயே அவர் அளக்காத ஒரே அறை. ஓர் ஆள் நீட்டிப் படுக்கலாம். இரண்டு ஆள் ஒட்டி உட்காரலாம். எதிர்க்கோடிக்கு அவர் போகவில்லை. போகும் வழியிலேயே அங்கிருந்து மூச்சுச் சத்தம் கேட்டது.

தன் மூச்சுதான் என்று நினைத்து, மூச்சைப் பிடித்துப் பார்த்தார்.

நிற்கவில்லை.

நுழைந்த பக்கத்துச் சுவருக்கே முதுகை ஒட்டிக்கொண்டு நின்றார். நின்று நின்று கால் கடுத்தபோது ஒன்று புரிந்தது. முதுகில் படுவது செங்கல் இல்லை. குளிர்ந்து, கொஞ்சம் அமுங்கியது. விரலால் தடவினார். சொரசொரப்பு. நகத்தால் கீறினார். சுருள் சுருளாகப் பெயர்ந்து வந்தது. பெயர்ந்ததை முகர்ந்தார்.

பேட்டர்ன் அட்டை.

அப்போதுதான் கத்தினார். மகனை, மருமகளை, இசக்கிமுத்துவை, தெருவில் போகும் எவனையும். கத்திக்கொண்டே கீறினார். இடுப்பு உயரத்தில் மெல்லிய கீறல் ஒன்று விரலுக்குத் தட்டுப்பட்டது. கட்டர் போட்ட கீறல். அதில் நகத்தை நுழைத்துக் கிழித்தார். நகம் பெயர்ந்தது. அட்டை கிழிந்தது. கை வெளியே போகும் என்று தள்ளினார்.

பின்னால் இன்னொரு அட்டை.

அது காய்ந்து, இறுகி, இரும்பாக இருந்தது. அதை ஒட்டியவர் வேலை தெரிந்தவர்.

எவ்வளவு நேரமோ. எதிர்க்கோடி மூச்சு மாறவே இல்லை. பொறுமையாக, பழக்கப்பட்டதாக. அவர் கீறும்போதெல்லாம் அது ஒரு கணம் நின்று கேட்டது. பிறகு தொடர்ந்தது.

அப்புறம் குரல்கள்.

இடி மாதிரி வந்தன, மேலிருந்தும் எல்லாப் பக்கத்திலிருந்தும். சுவர் நடுங்கியது. மணியோசை. சாம்பிராணி வாசனை. சிரிப்பு. மேலே எங்கோ மூட்டு ஒன்றில் வெளிச்சம் மயிரிழையாகத் தெரிந்தது. விடிந்து, ஆட்கள் வந்து, பூசை நடக்கிறது. செல்வக்குமாரின் குரல். "பாத்துங்க, ஆரும் மேல கை வச்சுராதீங்க. எங்கப்பா ஒத்த ஆளாச் செஞ்சது."

"செல்வா." குமாரவேல் சுவரில் மோதினார். "கண்ணு, செல்வா, நான் இங்க இருக்கறன்."

"நேத்து மழைல நனஞ்சுட்டீங்களாப்பா? வேல்விழி சொன்னா."

"இல்ல கண்ணு. ஒரு சொட்டுப் படல."

குமாரவேல் அசையாமல் நின்றார். அந்தக் குரலை அவருக்குத் தெரியும். முன்னால் ஒரு செருமல், பின்னால் நிமிர்ந்து நிற்கும் நிதானம். அறுபது வருடமாகப் பங்காளி வீட்டிலும் பஞ்சாயத்திலும் பேசி வந்த அவருடைய குரல்.

"சம்பந்திக்கு இந்த வயசுல என்ன கைங்க" என்றாள் ஒரு பெண். காங்கேயத்துச் சம்பந்தி. குரல் நெருங்கி வந்தது, குனிகிறாள். "ஏனுங், இந்த மூலைல ஒரு அறை இருந்துச்சல்லங்க? வெளிப்பக்கம் பாத்தா நீளமாத் தெரியுது."

"அங்க இருக்கறேனுங்க" என்று குமாரவேல் அலறினார். "அதுக்குள்ளதானுங்க. ஒரு வாசல் வெட்டுங்க. வெட்டச் சொல்லுங்க."

"இல்லீங்கம்மிணி" என்றது வெளியே இருந்த குரல், மரியாதையாக. "அங்க எப்பவுமே சுவருதானுங்க."

மாதிரியைத் தூக்க வந்திருந்த இசக்கிமுத்து மெல்லக் கேட்டார். "அய்யா, உள்ள ஏதோ தட்டுத மாதிரி இல்ல?"

"பக்கத்துக் கம்பெனி மெஷினுங்க. வண்டி வந்துருச்சு பாருங்க. தூக்கலாம்."

சுவருக்கு வெளியே, அவர் முகத்துக்கு நேரே, இரண்டு உள்ளங்கைகள் வந்து பதிந்தன. அழுத்திப் பிடித்துக்கொண்டு நின்றன. அவர் தட்டத் தட்ட, அசையாமல். தட்டி ஓயும்வரை.

பிறகு தரை எழும்பியது.

மேலே இருந்த மயிரிழை வெளிச்சம் ஆடியது. "இந்தப் பக்கம் தூக்கிப் புடி, படி இருக்குது" என்றான் யாரோ. தரை சாய்ந்தது. குமாரவேல் பிடிப்பில்லாமல் சறுக்கி மூலையில் போய் ஒடுங்கினார்.

எதிர்க்கோடியில் இருந்ததும் சறுக்கி வந்தது.

கனமே இல்லை. துணியும் மயிருமாக, தரையைத் தேய்த்துக்கொண்டு, இருட்டில் நேராக அவரிடம் வந்து சேர்ந்தது. எண்ணெய்ச் சிக்குப் பிடித்த தலை அவர் மடியில் ஒருக்களித்துப் படிந்தது. மூச்சு அவர் கையில் பட்டது.

வண்டிக் கதவு மூடியது. தரை மட்டமானது.

அது திரும்பிப் போகவில்லை.